மணலில் போட்டுப் பார்க்காத பைபாட்

போன வாரம் துபாயில் இருக்கிற நம் துப்பாக்கி கிளப் பட்டறையின் இப்போதைய தலைவர் உங்கள் மூன்று பேருடைய ரிப்போர்ட்டுகளையும் எனக்கு அனுப்பிவைத்தார். 'ரிட்டயர் ஆகிக் கோயமுத்தூரில் சும்மாதானே இருக்கிறீங்க, புதுசாச் சேர்ந்த பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க' என்றார். சரியென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். கண்ணுகளா, என்ன ரிப்போர்ட், என்ன ரிப்போர்ட்! கலர் போட்டோ என்ன, அஞ்சுக்கு நாலு நட்சத்திரம் என்ன, 'கொடுக்கும் விலைக்கு நிறைவான பொருள்' என்று முடித்த அழகென்ன! கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள். மூன்றாவது பக்கத்தில் ஒரு கட்டம் வரும் இல்லையா, அங்கே வந்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கட்டத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அது எப்படி அந்தப் பக்கத்துக்கு வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சிங்காநல்லூர் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன். மில் மூடிய பிறகு துபாய்க்கு வந்தேன். அஜ்மானில் ஒரு ரூமில் ஆறு பேர், அங்கிருந்து தினமும் கம்பெனி வண்டியில் பாலைவனத்துக்குள் இருக்கிற நம் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு டூட்டி. ரைஃபிள்களைத் துடைப்பது, பழுது பார்ப்பது, புதிதாக வருகிற சாமான்களைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது.

அப்போது கிளப்பில் வாடகைக்கு எடுத்துச் சுடுகிற விருந்தாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். ரைஃபிளைக் கையில் ஏந்திக் குறிபார்க்கத் தெரியாதவர்கள். அவர்களுக்காகப் பைபாட் வாங்கலாம் என்று முடிவானது. பைபாட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ரைஃபிளின் முன்பக்கத்துக்கு அடியில் மாட்டுகிற இரட்டைக் கால் ஸ்டாண்டு. கால்களை விரித்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு குட்டி முளை ஸ்பிரிங் விசையில் குழிக்குள் விழுந்து 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். அதன்மேல் பாரத்தைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு சுடலாம்.

பர்ச்சேஸ் மேனேஜர் நம் சென்னைக்காரர். குடும்பத்தோடு இருந்தார், நாற்பத்தஞ்சு டிகிரி வெயிலிலும் டை கட்டுவார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வந்துவிடும். நல்ல கம்பெனிப் பைபாட் ஒன்றின் விலைக்கு நாலு வாங்கலாம் என்கிற மாதிரி ஒரு சாமானை எங்கோ பிடித்துவிட்டார். மலிவு என்று சொல்ல மாட்டார். 'அஃபோர்டபிள்' என்பார், அதுவும் வாயில் அல்வா வைத்த மாதிரி.

"நீங்க ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க சூப்பர்வைசர் டெசிக்னேஷன் ஃபைலும் என் டேபிள்லதான் இருக்கு" என்றார்.

இப்போது உங்களுக்கு இது புரியாது. அன்றைக்கு எங்களுக்கு விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறதோ அதுதான் தலையெழுத்து. ஃபிட்டர் என்று இருந்தால் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. சூப்பர்வைசர் என்று மாறினால் முடியும். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அவளை நான் மொத்தமாகப் பார்த்தது, லீவு லீவாகக் கூட்டினால், ஒரு வருஷம்கூடத் தேறாது.

ஆகவே ஐயா, அதாவது நான்தான், பரிசோதனைக்கு உட்கார்ந்தார். எங்கே? ஸ்வெட்டர் போட வேண்டிய அளவுக்கு ஏசி ஓடுகிற பட்டறையில், பச்சைக் கம்பளித் துணி விரித்த மேஜையில். டப்பாவைப் பிரித்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? எண்ணெய் விட்டேன். கீலில் இரண்டு சொட்டு, பூட்டு முளையில் இரண்டு சொட்டு. மில்லில் பதினாலு வருஷம் அப்படித்தான் வளர்ந்தோம். சத்தம் போட்டால் எண்ணெய், சத்தம் போடாவிட்டாலும் எண்ணெய். கை தானாகப் போகும். எண்ணெய் விட்டுப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துக் காலை விரித்தேன். கிளிக். மடக்கினேன், விரித்தேன். கிளிக். இருநூறு தடவை செய்தேன். வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே பெற்ற பிள்ளை மாதிரி.

அப்போதுதான் ஹவில்தார் உள்ளே வந்தார். அவர் எங்கள் ரேஞ்ச் சேஃப்டி ஆபீசர். வேலூர்ப் பக்கம், இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், அந்தப் பேரே கூப்பிடு பேராகிவிட்டது. சுடுகிற திட்டில் யார் எப்போது படுக்கணும், எப்போது குண்டு போடணும், எப்போது எழுந்திருக்கணும் எல்லாம் அவர் வாயில்தான். சிடுமூஞ்சி. யாருக்கும் அவரைப் பிடிக்காது, எனக்கும்தான்.

"இன்னாப்பா, மெத்தை மேல நிக்கவச்சுப் பாத்துகினு இருக்கிற?" என்றார். "நம்ம ஆளுங்க மண்ல போட்டுப் பொரட்டி எடுப்பானுங்க. ஒரு தபா மண்ல போட்டுப் பாத்தியா?"

"ஏனுங்ண்ணா, நீங்க சுடறவனைப் பாருங்க. இரும்பை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"இரும்பா இது? எடையப் பாத்தா தகர டப்பா மாரி கீது."

"மில்லு மெஷினையே கழட்டி மாட்டினவனுங்க நானு. இந்த ரெண்டு காலைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?"

அவர் பைபாடைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பட்டாளத்துக்காரருக்கு எண்ணெய் வாசனையைக் கண்டால் ஏன் முகம் சுருங்குகிறது என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்றைக்கு இல்லை. 'அங்கீகரிக்கலாம்' என்று எழுதி, கீழே கையெழுத்தை நன்றாகச் சுழித்துப் போட்டேன். இருபது பைபாட் வந்தது. இருபதுக்கும் எண்ணெய் விட்டு மாட்டினேன். ஊருக்குப் போன் போட்டு, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கிவிடு என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். ஃபைல் இன்னும் மேனேஜர் மேஜையைவிட்டு நகரவே இல்லை, எனக்கு அவ்வளவு அவசரம்.

ஆறு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, லீவு நாள், ரேஞ்சில் கூட்டம். நாலாவது திட்டில் ஒரு விருந்தாளி படுத்திருக்கிறார். குண்டு போட்டாயிற்று, விரல் டிரிக்கரில், தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி பைபாடில் பாரத்தைக் கொடுக்கிறார். இடது கால் மடங்கிவிட்டது. துப்பாக்கி முகம் குப்புறப் போக, விரல் அழுந்திவிட்டது. குண்டு திட்டின் கான்கிரீட் விளிம்பில் பட்டு, தெறித்த சில்லு அஞ்சாவது திட்டில் படுத்திருந்தவர் முகத்தில் அடித்தது. கன்னத்தில் ரத்தம். கண்ணுக்கு நேராகப் பாதுகாப்புக் கண்ணாடியில் பெரிய விரிசல்.

அந்தக் கண்ணாடியைப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த மனுஷர் கழற்றி நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். ஹவில்தார்தான் சுடுவதை நிறுத்தச் சொல்லி, கிட்டப் போய், போட்டால்தான் ஆச்சு என்று கத்திப் போடவைத்தார். இல்லாவிட்டால் அந்தக் கண் போயிருக்கும்.

ஹவில்தார் அந்த ரைஃபிளைப் பைபாடோடு என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "இது அப்பிடியே கெடக்கட்டும். யாரும் தொடக்கூடாது. நாளிக்கு என்கொயரி" என்று சொல்லிவிட்டு, அடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

நான் என்ன செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆகவேண்டும். மேஜையின் முன்னால் நின்று, ஐயோ அந்தக் கண் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்துக்கொண்டே இருக்க, கை பனியன் வேஸ்டை எடுத்தது. எண்ணெய் டப்பாவை எடுத்தது. மனசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது, கை அந்தப் பைபாடைத் துடைத்து, முளையில் இரண்டு சொட்டு விட்டு, காலை விரித்துப் பார்க்கிறது. கிளிக். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. துணியில் மாவு மாதிரி பழுப்பு மணல், எண்ணெயில் குழைந்து அப்பிக் கிடந்தது. சாட்சியை நானே துடைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்திருந்தால் அயோக்கியன் என்றாவது பெயர் கிடைத்திருக்கும். இது அதுகூட இல்லை, வெறும் முட்டாள்தனம். அந்த வேஸ்டையும் சாயங்காலம் குப்பை வண்டிக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் அறையில் என்கொயரி. அவர் இந்த நாட்டுக்காரர், முன்னாள் ராணுவ அதிகாரி, அதிகம் பேசமாட்டார். எங்களோடு இந்தியில் பேசுவார். பர்ச்சேஸ் மேனேஜர் பைபாடை எடுத்து அவர் முன்னால் விரித்தார். கிளிக். தன் முழங்கையை ஊன்றி அழுத்தினார். அசையவில்லை.

"பொருள் பர்ஃபெக்ட் சார். இவரோட ரிப்போர்ட்டும் இருக்கு" என்று என் கையெழுத்தைக் காட்டினார். "இது ஹியூமன் எரர். ரேஞ்ச் ஆபீசர் கவனிக்கலை."

ஹவில்தார் பைபாடை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பைபாடைத் திரும்ப மேஜையில் வைத்தார். ஜெனரல் மேனேஜர், திங்கட்கிழமை முடிவு சொல்வதாக எழுந்துவிட்டார். முடிவு என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஹவில்தாருக்கு விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். துப்பாக்கி இருக்கிற இடத்தில் வேலை செய்ய போலீஸ் அனுமதி வேண்டும். அஜாக்கிரதை என்று ஒரு வரி ஏறிவிட்டால் வளைகுடா முழுக்க ஒருத்தனும் சேர்க்க மாட்டான். பட்டாளத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷர்.

வெளியே வராந்தாவில் கேட்டார். "தொடச்சியா?"

"கை தானாப் போயிருச்சுங்ண்ணா."

"நல்லாத் தொடச்ச. என் சோத்தையும் சேத்துத் தொடச்சிட்ட" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், ரேஞ்ச் காலியாக இருந்தபோது, நான் ஒரு பைபாடை எடுத்துக்கொண்டு தனியாகத் திட்டுக்குப் போனேன். வாரம் தவறாமல் நானே துடைத்து எண்ணெய் விட்டு வைத்தவற்றில் ஒன்று. விருந்தாளிகள் எப்படி வைப்பார்களோ அப்படி வைத்தேன். இழுத்தேன், மணலில் சாய்த்தேன், மடக்கினேன், விரித்தேன். இருபது தடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பதுக்கு மேல் சத்தம் கொஞ்சம் மழுங்கியது. நாற்பதை ஒட்டி, கிளிக் கேட்டது. குனிந்து பார்த்தால், முளை குழிக்குள் நகக்கண் அளவுதான் இறங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். மடங்கிவிட்டது. நான் விட்ட எண்ணெய் மணலைப் பிடித்துக் களிம்பாக்கி முளையை நடுவழியில் நிறுத்தியிருக்கிறது. பஞ்சு பறக்கிற மில்லில் எண்ணெய் உயிர். மணல் பறக்கிற ஊரில் அதுவே பசை. இதைத்தான் ஹவில்தார் மோந்து பார்த்திருக்கிறார், நான்தான் அவரை நக்கல் அடித்திருக்கிறேன்.

என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. துடைத்து டப்பாவில் வைத்தால் முடிந்தது. உங்களிடம் பொய் சொல்வானேன், துணியை எடுத்தேன். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தேன். காலையில்தான் போனில் மகள், 'டிசி வாங்கியாச்சுப்பா, பையெல்லாம் கட்டி வச்சுட்டேன்' என்று சொல்லியிருந்தாள். கடைசியில் துணியைப் பாக்கெட்டில் திணித்துவிட்டு, பைபாடை அழுக்கோடு நியூஸ்பேப்பரில் சுற்றினேன். நேர்மை என்றெல்லாம் பெரிய பேச்சு வேண்டாம். அந்தக் கண்ணாடியின் விரிசல் கண்ணைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அறையில் நான் பொட்டலத்தைப் பிரித்ததுமே மேனேஜர் குதித்தார். "சார், இவரே மண்ணை அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கார்! பிரெண்டைக் காப்பாத்தப் பாக்கறார்!"

பிரெண்டாம்! அந்த மனுஷர் என் முகத்தில் முழித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஜெனரல் மேனேஜர் அழுக்குப் பைபாடைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து துடைத்த பைபாட் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். எழுந்தார். "பாஹர் சலோ" என்றார். வெளியே நடந்தார்.

நாலாவது திட்டில், வெள்ளைக் கந்தூரா அங்கியோடு மணலில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவரே வைத்தார், இழுத்தார், மடக்கினார், விரித்தார். நாங்கள் மூன்று பேர் சுற்றி நிற்கிறோம். மேனேஜர் ஃபைலைத் தலைக்குமேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு எண்ணினார். "டென் டைம்ஸ் ஓகே சார். டுவெண்டி ஓகே சார். சார், வெயில் ஜாஸ்தி, போலாமே சார்." டை கழுத்தில் ஒட்டிக்கொண்டது. சென்ட் வியர்வையில் புளித்துவிட்டது. முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை நின்றுபோனது. அப்புறம் ஒரு கிளிக். ஜெனரல் மேனேஜர் உள்ளங்கையை வைத்து முன்னால் தள்ளினார். கால் மடங்கி அவருடைய விரலில் அடித்தது.

விரலை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எண்ணெய் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"கையெழுத்து போடுவதற்கு முன்னால் இங்கே கொண்டுவந்து பார்த்தாயா?"

"இல்லை சார்."

"பார்க்கச் சொல்லி உனக்கு யாரும் சொல்லவில்லையா?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் குடையாக இருந்த ஃபைல் எது என்று அப்போதுதான் கவனித்தேன். மேலே என் பெயர் ஒட்டியிருந்தது.

"சொன்னார் சார். இவர்தான் சொன்னார்" என்று ஹவில்தாரைக் காட்டினேன். "நான் கேலி பண்ணி அனுப்பிவிட்டேன்."

"கலாஸ்" என்றார், அரபியில் 'முடிந்தது' என்று அர்த்தம். ஹவில்தாரின் தோளில் ஒரு தட்டு தட்டினார். மேனேஜர் கையிலிருந்து என் ஃபைலை வாங்கிக்கொண்டார். "உனக்கு வேலை இருக்கும். சூப்பர்வைசர் இல்லை."

இருபது பைபாடும் அன்றைக்கே திரும்பிப் போயின. மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் இன்னும் பெரிய மேஜைக்குப் போனார். ஹவில்தார் எனக்கு நன்றி சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்? அதற்கப்புறம் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் பட்டறைக்கு வருவார், என் கையிலிருந்து பிடுங்கி வெளியே மணலில் போட்டுப் பூட்ஸால் இரண்டு உருட்டு உருட்டுவார். திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இப்ப போடு கையெழுத்து" என்பார். நான் அங்கே இருந்த வரைக்கும் என் குடும்பம் வரவில்லை.

ஜெனரல் மேனேஜர் அந்த வாரமே ரிப்போர்ட் படிவத்தை மாற்றச் சொன்னார். மூன்றாவது பக்கத்தில் 'சோதித்த இடம்' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தைப் போட்டது நான். இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஒருத்தர் அதில் 'ஆபீஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொருத்தர் 'மேற்படி' என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த மேற்படி ஐயா, மேலே ஒன்றுமே இல்லையே? மூன்றாமவர் அந்தச் சிரமமும் படாமல் ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கிறீர்கள். அந்தக் கட்டம் அங்கே வந்த வருஷம் என் மகள் கட்டின பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஜூன் மாதம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவளுடைய அம்மா பழைய பள்ளிக்கூடத்துக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு நின்றாள்.